பாராசூட்டுக்கும் பாராசிட்டமாலுக்கும் என்ன உறவு?

கேள்வி: "சார், நான் ஃபார்மசி இரண்டாம் ஆண்டு மாணவி. முன்னொட்டுகளைத் தெரிந்துகொண்டால் ஆங்கிலச் சொற்கள் மறக்காது என்று சொன்னார்கள். 'பாரா என்பது கிரேக்க முன்னொட்டு, பக்கத்தில் என்று பொருள்' என ஒரு பட்டியலில் இருந்தது. பாரலல் சரியாக வந்தது. பாராசூட்டில் எதற்குப் பக்கத்தில்? பாராசிட்டமாலில்? பாரலிசிஸ், பாரடாக்ஸ், பேரன்டரல், பாரடைஸ் எல்லாம் எப்படி? பார்லிமென்ட் இந்தக் கூட்டத்தில் சேருமா, சேராதா? எனக்குத் தெரிந்த பாதிச் சொற்கள் ஒத்து வரவில்லை. இந்த முறையே சும்மாவா? பேசாமல் மனப்பாடம் செய்துவிடலாமா?"

பதில்: மனப்பாடத்துக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பட்டியல் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. அதை அப்படியே நம்பாமல் தெரிந்த சொற்களில் எல்லாம் போட்டு உரசிப் பார்த்தீர்களே, அதுவே நல்ல விஷயம். பெரும்பாலானவர்கள் ஒரு பட்டியலைப் படித்துவிட்டு அடுத்த பட்டியலுக்குப் போய்விடுவார்கள். அகராதி வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கேட்ட சொற்கள் எல்லாம் ஒரே காரணத்தால் இடறவில்லை. சில கிரேக்கச் சொற்களேதான், ஆனால் 'பக்கத்தில்' என்ற பொருள் அங்கே கொஞ்சம் நகர்ந்துவிட்டது. சில கிரேக்கமே இல்லை, வேறு வீட்டுப் பிள்ளைகள், முதலெழுத்துகள் மட்டும் ஒத்துப்போகின்றன. ஒன்று கிரேக்கமாக இருந்தும் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிப்போனது.

கிரேக்க மொழியில் பாரா என்பது தனியாகவும் நிற்கும் ஒரு சிறு சொல். 'அருகே' என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அருகே இருப்பதும், ஒட்டினாற்போல் போய்க் கடந்துவிடுவதும், கடந்து அப்பால் போவதும், அப்படிப் போனதால் வழி பிசகுவதும், ஒன்றின் அருகே இன்னொன்றை வைத்து ஒப்பிடுவதும் எல்லாம் அந்த ஒரு சொல்லின் வேலைகள். இது என்ன குழப்பம் என்று தோன்றினால் நம் 'புறம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் இருபுறமும் மரங்கள் என்கிறோம், அங்கே அது பக்கம். புறநகர் என்கிறோம், அங்கே நகரத்தை ஒட்டி வெளியே இருப்பது. சட்டத்துக்குப் புறம்பானது என்கிறோம், அங்கே அது மீறல், எதிர். இந்த மூன்றையும் நாம் ஒரே நாளில் பேசுகிறோம், ஒருவரும் தடுமாறுவதில்லை. கிரேக்கர்களுக்கு பாராவும் அப்படித்தான் இருந்தது. ஆகவே ஒரு முன்னொட்டுக்கு நேரே ஒரே ஒரு பொருளை எழுதிவைக்கும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. முன்னொட்டு ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

உங்கள் துறையிலிருந்தே தொடங்கலாம். பேரன்டரல் என்ற சொல்லைப் பார்த்ததும் பேரன்ட் நினைவுக்கு வராதவர்கள் குறைவு, பெற்றோருக்கும் ஊசி மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களும் உண்டு. வெட்ட வேண்டிய இடம் வேறு. 'பார்' என்பது ஒரு துண்டு, 'என்டரான்' மறுதுண்டு. என்டரான் என்றால் கிரேக்கத்தில் குடல். குடலை விட்டு விலகி, அதற்குப் புறம்பான வழியில் உடலுக்குள் போவதுதான் பேரன்டரல். ரத்தக்குழாயில் போடும் ஊசி, தசையில் போடும் ஊசி, தோலுக்கு அடியில் போடும் ஊசி எல்லாம் அதில் அடக்கம். டோட்டல் பேரன்டரல் நியூட்ரிஷன் என்றால் உணவுச் சத்து முழுவதையும் குடலைத் தொடாமல் நேராக ரத்தத்தில் ஏற்றுவது. இங்கே 'பக்கத்தில்' என்று மட்டும் வைத்துக்கொண்டால் குடலுக்குப் பக்கத்தில் ஊசி போடுவதாக ஆகிவிடும்! 'விலகி, சுற்றிக்கொண்டு' என்று வைத்தால் சொல் தானாகத் திறந்துகொள்கிறது. அதே குடல்தான் குடல் அழற்சியைச் சொல்லும் என்டரைடிஸில் இருக்கிறது, சீதபேதியைச் சொல்லும் டிசென்ட்ரியில் இருக்கிறது. டிசென்ட்ரியில் முன்னால் நிற்கும் 'டிஸ்' என்பது கெட்டது, சரியில்லாதது என்று பொருள்படும் இன்னொரு கிரேக்க முன்னொட்டு.

இதில் ஒரு சின்ன விதி ஒளிந்திருக்கிறது, அதைப் பட்டியல்கள் சொல்வதில்லை. அடுத்து உயிரெழுத்து வந்தால் பாராவின் கடைசி உயிர் பெரும்பாலும் விழுந்துவிடும், 'பார்' மட்டும் நிற்கும். பேரன்டரல் அப்படி வந்தது. அடைப்புக்குறிக்குச் சொல்லும் பேரன்தசிஸ் அப்படி வந்தது, 'பக்கத்தில் உள்ளே வைத்தது' என்பது அதன் நேர்ப்பொருள். கேலிக்காக ஒன்றைப் போலவே இன்னொன்றைச் செய்யும் பேரடி அப்படித்தான், பாட்டுக்கு இணையாக ஒரு பாட்டு. பரோட்டிட் சுரப்பியும் அதே, காதுக்கு அருகே இருப்பது என்றுதான் பெயரே. மம்ப்ஸ் வந்தால் காதுக்குக் கீழே வீங்குமே, அந்த உமிழ்நீர்ச் சுரப்பிதான். பாரலல் கூட இப்படித்தான்: பார், அப்புறம் 'ஒன்றுக்கொன்று' என்று பொருள்படும் அல்லேலோன். அந்த இரண்டாவது துண்டில்தான் இரட்டை எல் இருக்கிறது. ஆகவே பாரலல் எழுதும்போது இரட்டை எல் நடுவிலா கடைசியிலா என்று இனி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, நடுவில்தான்.

மருத்துவச் சொற்களில் பாரா மூன்று விதமாக வேலை செய்கிறது, இதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், உங்களுக்கு அன்றாடம் தேவைப்படும். முதலாவது, இடம். பாராதைராய்டு என்பது தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சுரப்பிகள், பெரும்பாலானவர்களுக்கு 4 இருக்கும். தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் சம்பந்தமில்லை, இவை ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்கின்றன. பெயர் வைத்தவர்கள் இடத்தைப் பார்த்து வைத்தார்களே தவிர வேலையைப் பார்த்து அல்ல. இரண்டாவது, சாயல். பாராடைஃபாய்டு என்றால் டைஃபாய்டைப் போலவே இருப்பது, ஆனால் அது அல்ல, கிருமி வேறு. மூன்றாவது, பிசகு. பாரனோயா என்பதில் 'நூஸ்' என்றால் மனம், அறிவு. மனம் தன் தடத்தை விட்டு விலகிவிட்டது. பழைய கிரேக்கத்தில் இது பொதுவாகப் பைத்தியம் என்ற பொருளில் வழங்கியது, யாரோ நமக்குக் கேடு செய்யப் பார்க்கிறார்கள் என்ற ஆதாரமில்லாத சந்தேகத்துக்கு அதை ஒதுக்கிவைத்தது பிற்கால மருத்துவம்.

பாரலிசிஸ் கேட்டீர்கள். பின்பாதி உங்களுக்குப் பழகியதுதான்: ஹைட்ராலிசிஸ், டயாலிசிஸ், ஹீமோலிசிஸ். லிசிஸ் என்றால் அவிழ்தல், தளர்தல், பிரிதல். உடலின் ஒரு பக்கம் கட்டவிழ்ந்து தளர்ந்துபோவதைத்தான் கிரேக்கர்கள் பாரலிசிஸ் என்றார்கள், ஆகவே இங்கே உங்கள் 'பக்கம்' நேராகவே உட்காருகிறது, ஒத்துவரவில்லை என்று நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இதே சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் இன்னொரு முறை நுழைந்தது, வரும் வழியில் தேய்ந்து பால்ஸி ஆகிவிட்டது. பெல்ஸ் பால்ஸி, செரிப்ரல் பால்ஸி என்று படித்திருப்பீர்கள். பால்ஸியும் பாரலிசிஸும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள், ஒன்று தெருவில் அடிபட்டுத் தேய்ந்தது, மற்றது புத்தகத்திலிருந்து நேராக எடுத்தது. பாராப்ளீஜியாவில் பின்பாதி 'அடி, தாக்கு' என்று பொருள்படும். கிரேக்கத்தில் அதற்கும் ஒரு பக்க வாதம் என்றே பொருள் இருந்தது; இன்று இரண்டு கால்களும் செயலிழப்பதற்கு மட்டும் அதைச் சொல்கிறோம், ஒரு பக்கத்துக்கு ஹெமிப்ளீஜியா வந்துவிட்டது. சொற்பிறப்பு தெரிந்தவர் இங்கே தவறான விடையை எழுதிவிட்டு வருவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாரடாக்ஸ் எளிது. 'டாக்ஸா' என்றால் கருத்து, பொதுவாக நம்பப்படுவது. அதற்குப் புறம்பாக நிற்பது பாரடாக்ஸ். நேரான, சரியான என்று பொருள்படும் ஆர்த்தோவை அதே டாக்ஸாவின் முன்னால் போட்டால் ஆர்த்தடாக்ஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே மறக்காது.

பாராகிராஃப் எனக்குப் பிடித்த சொல். இப்போது பத்திக்குச் சொல்கிறோம், முதலில் அது பத்திக்குப் பெயரே அல்ல. பழைய கிரேக்கச் சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, நிறுத்தற்குறிகளும் மிகக் குறைவு, எழுத்துகள் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு இங்கே திரும்புகிறது என்று காட்ட, அந்த வரியின் தொடக்கத்துக்குக் கீழே, ஓரத்தில், ஒரு சிறு படுக்கைக் கோடு போடுவார்கள். நாடகச் சுவடியில் அந்தக் கோடு வந்தால் அடுத்த ஆள் பேசத் தொடங்குகிறார் என்று பொருள். பக்கத்தில் எழுதிய அந்தக் கோட்டுக்குத்தான் பாராகிராஃப் என்று பெயர். கோடு போய்விட்டது, அது பிரித்துக்காட்டிய பகுதிக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாராசைட்டுக்கும் இப்படி ஒரு பழைய வாழ்க்கை உண்டு. 'சிட்டோஸ்' என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்தான் பாராசைட். பணக்காரர் வீட்டில் புகழ்ந்து பேசிச் சாப்பாட்டை நகர்த்தும் அந்த ஆள் கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் அடிக்கடி வரும் பாத்திரம். ஆங்கிலத்திலும் மனிதரைக் குறித்துத்தான் முதலில் வந்தது, புழுவும் கிருமியும் பிறகு சேர்ந்துகொண்டன. ஒட்டுண்ணி என்று தமிழில் சொல்கிறோமே, ஒட்டியிருந்து உண்பது, அதே படம்தான்.

சரி, பார்லிமென்ட். இதைச் சொல்ல கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். 'பல்லெய்ன்' என்றால் கிரேக்கத்தில் எறிதல். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை எறிவது, அதாவது பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, பாரபோலே. இந்த ஒரு சொல் மூன்று திசையில் போனது. கணிதத்துக்குள் போய் பேரபோலா ஆனது, கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெர்காவின் அப்பலோனியஸ் கூம்பை வெட்டிக் கிடைக்கும் வளைவுகளுக்குப் பெயர் வைத்தபோது, பரப்புகளை ஒப்பிட்டதில் சரியாகப் பொருந்தியதை பேரபோலா என்றார், மிஞ்சியதை ஹைபர்போலா என்றார், குறைந்ததை எலிப்ஸ் என்றார். இரண்டாவது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விளங்கவைக்கும் உவமைக்கதை, பேரபிள். மூன்றாவதுதான் வேடிக்கை. லத்தீனில் அது உவமை என்ற பொருளிலிருந்து நழுவி வெறும் 'சொல், பேச்சு' என்று ஆகி, பிரெஞ்சில் 'பேசு' என்ற வினையாகவே மாறிவிட்டது. பேசும் இடம் பார்லிமென்ட். கைதி தப்பி ஓடமாட்டேன் என்று கொடுக்கும் வாக்கு பரோல். ஆகவே பார்லிமென்டில் உங்கள் கிரேக்க பாரா இருக்கிறது, ஆனால் அது வெளியே தெரியாத அளவுக்குக் கரைந்துவிட்டது, அதை வைத்து இன்றைய பொருளை யாரும் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் கவனித்தால் இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: அந்த எறிதலைத் தெரிந்துகொண்டால் ஹைபர்போலா மட்டுமல்ல, சிம்பல், ப்ராப்ளம், மெட்டபாலிசம் எல்லாவற்றிலும் அது ஒளிந்திருப்பது தெரியும். முன்னொட்டைவிடப் பின்னால் இருக்கும் வேர்தான் அதிகம் தரும் என்பது என் கட்சி.

இனி வேறு வீட்டுப் பிள்ளைகள். பாராசூட்டில் இருக்கும் பாரா கிரேக்கம் அல்ல. லத்தீனில் 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல். அது இத்தாலியனில் 'தடுத்தல், காத்தல்' என்று ஆனது. சோலே என்றால் சூரியன், வெயிலைத் தடுப்பது பாராசோல். பெட்டோ என்றால் மார்பு, மார்பளவுக்கு நின்று காப்பது பாரபெட் சுவர். பிரெஞ்சில் சூட் என்றால் விழுதல், விழுவதிலிருந்து காப்பது பாராசூட். 1783இல் லூயி செபஸ்தியன் லெனோர்மான் என்ற பிரெஞ்சுக்காரர் மோன்பெலியே நகரத்து வானாய்வுக் கோபுரத்திலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதித்துக் காட்டினார், அந்தப் பெயரும் அவர் வைத்ததுதான். பாராட்ரூப்பர், பாராகிளைடர் இரண்டும் பாராசூட்டின் முன்பாதியைக் கிள்ளிக்கொண்டு வந்தவை, ஆகவே அவையும் கிரேக்கப் பட்டியலில் சேரா.

பாராஃபினில் பாராவே இல்லை. அது 'பரும்' என்ற லத்தீன் சொல், குறைவு என்று பொருள், அப்புறம் 'அஃபினிஸ்', நாட்டம். மற்ற வேதிப்பொருள்களோடு அவ்வளவாகச் சேராத பொருள் என்பதால் கார்ல் ஃபான் ரைஹன்பாக் 1830இல் அப்படிப் பெயரிட்டார். பாரமவுன்ட் பிரெஞ்சு, 'மேலே' என்ற பொருளில் வந்தது. பாரடைஸ் கிரேக்கர் கை வழியாக வந்தாலும் பிறந்தது பழைய ஈரானிய மொழியில், சுவர் சூழ்ந்த தோட்டம். அதன் முன்பாதி 'சுற்றிலும்' என்று பொருள்படும், பெரிமீட்டரில் இருக்கும் கிரேக்க 'பெரி'க்கு அது உறவு. பெரிமீட்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: சுற்றளவு பெரிமீட்டர், பக்கத்தில் வைத்து அளக்க உதவும் அளவு பாராமீட்டர், இரண்டையும் மாற்றி எழுதுவது எல்லா மட்டத்திலும் நடக்கிறது. இணையத்தில் கிடைக்கும் முன்னொட்டுப் பட்டியல்களில் பாராசூட்டும் பாரடைஸும் கிரேக்க பாராவின் கீழே கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கும், பார்த்தால் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள், மற்றதையும் அதே அக்கறையோடுதான் தொகுத்திருப்பார்கள்.

பரலோகம், பரதேசம் என்று நம்மிடம் புழங்கும் வடமொழிப் 'பர' இதுதானா என்று அடுத்து கேட்பீர்கள். மிகப் பழைய நிலையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றுதான் மொழியியலாளர்கள் வைக்கிறார்கள். ஆனால் அதை வைத்து ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேடாதீர்கள், இரண்டு வழியும் வெகுதூரம் பிரிந்துவிட்டன. பாராமுகத்தையும் பாராட்டையும் சேர்த்துவிடாதீர்கள், அவற்றின் முன்னால் நிற்பது தமிழ்.

பாராசிட்டமாலுக்கு வருவோம். இங்கே இருப்பது கிரேக்க பாராதான், ஆனால் வேதியியல் அதை எடுத்துத் தன் வசதிக்கு ஒரு குறிப்பாக ஆக்கிக்கொண்டது. பென்சீன் வளையத்தில் 6 கார்பன்கள். முதல் கார்பனில் ஒன்று தொங்குகிறது. இரண்டாவது தொங்கல் அதற்கு அடுத்த கார்பனில் இருந்தால் ஆர்த்தோ, ஒன்றை விட்டு அடுத்ததில் இருந்தால் மெட்டா, நேரெதிரில், அதாவது 4ஆம் இடத்தில் இருந்தால் பாரா. உங்கள் பட்டியல் உங்களைக் கவிழ்க்கும் இடம் இதுதான்: 'பக்கத்தில்' என்று நம்பிக்கொண்டு போனால் பாராவை அடுத்த கார்பனில் கொண்டுபோய் வைப்பீர்கள், அங்கே இருப்பது ஆர்த்தோ. வேதியியலில் பாரா என்றால் எதிர்ப்பக்கம் என்று தனியாக ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதியும் அசிட்டைல்-அமினோ தொகுதியும் அப்படி எதிரெதிரே நிற்கின்றன. அதன் வேதிப்பெயர் பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். அதில் பாரா, அசெட், அம், ஆல் என்று அங்கங்கே கொஞ்சம் பொறுக்கி ஒட்டினால் பாராசிட்டமால். அதே பெயரில் பாராவையும் கடைசி ஆலையும் விட்டுவிட்டு, அசெட், அமினோ, ஃபென் என்று நடுவில் இருப்பதை எடுத்தால் அசிட்டமினோஃபென். அமெரிக்கப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்து அது வேறு மருந்து என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரலுக்கு ஆபத்து என்பதால் இது வெறும் சொல்விளையாட்டு இல்லை. மருந்துகள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில் பாராபென், புரொப்பைல் பாராபென் இரண்டிலும் இருப்பது இதே எதிர்ப்பக்க பாராதான், பாரா-ஹைட்ராக்சி-பென்சாயிக் அமிலத்திலிருந்து வந்தவை.

இன்னொரு வகை, பழைய சொல்லைச் சிதைக்காமல் முன்னால் பாராவை ஒட்டி அண்மைக் காலத்தில் செய்துகொண்டவை. பாராமெடிக்கல், பாராலீகல், பாராமிலிட்டரி. மூன்றிலும் பொருள் ஒன்றுதான்: அந்தத் தொழிலோடு பக்கத்தில் நின்று வேலை செய்வது, ஆனால் அதுவே அல்ல. மருத்துவர் அல்ல, வக்கீல் அல்ல, ராணுவம் அல்ல. இந்தக் கூட்டத்தில் உங்கள் பட்டியல் தடையில்லாமல் ஓடும். பாராலிம்பிக்ஸ் மட்டும் நடுவில் பொருளை மாற்றிக்கொண்டது. லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், 1948இல், லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் ஸ்டோக் மான்டவில் மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் இருந்த முன்னாள் போர்வீரர்களுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். பெரும்பாலும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் என்பதால் பாராப்ளீஜியாவையும் ஒலிம்பிக்ஸையும் கோத்துப் பேச்சுவாக்கில் பிறந்த பெயர் அது. பார்வையற்றவர்கள், கை கால் இழந்தவர்கள் என்று பலரும் வந்து சேர்ந்தபிறகு அந்த விளக்கம் பொருந்தவில்லை. இன்று 'ஒலிம்பிக்ஸுக்கு இணையாக நடப்பது' என்றே அதை நடத்தும் அமைப்பு விளக்கம் தருகிறது, 1988 சியோல் போட்டி முதல் அதே நகரத்தில் அதே அரங்குகளில் நடக்கவும் செய்கிறது. சொல் அப்படியே இருக்க, உள்ளே இருந்த பாராவை மட்டும் கழற்றி வேறு பாராவை மாட்டிவிட்டார்கள்.

அப்படியானால் முன்னொட்டு முறை உதவுமா, உதவாதா? முன்பின் தெரியாத ஒரு சொல்லை முன்னொட்டை மட்டும் வைத்து ஊகிக்கப் போனால் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்வீர்கள், அதற்கு அது கருவியே அல்ல. அகராதியில் பொருளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளத்தான் அது. வரிசை முக்கியம்: முதலில் பொருள், பிறகு பிரித்துப் பார்ப்பது. பிரிக்கும்போது பாராவை எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள். மீதி வேறு கிரேக்கச் சொற்களிலும் வருகிறதா? லிசிஸ் வருகிறது, டாக்ஸ் வருகிறது, கிராஃப் வருகிறது, மீட்டர் வருகிறது, அப்போது பெரும்பாலும் இது கிரேக்க பாராதான். சூட், சோல், மவுன்ட் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். அதன்பிறகு இது அருகிலா, சாயலா, விலகலா, மீறலா என்று நீங்களே ஒரு சொல்லில் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நல்ல அகராதி எதிலும் பொருளுக்கு முன்னாலோ பின்னாலோ சொற்பிறப்பைச் சிறிய எழுத்தில் கொடுத்திருப்பார்கள், எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அது. மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் உங்கள் படிப்பு நகராது.

அடுத்து எந்த முன்னொட்டு என்று கேட்டால், உங்களுக்கு ஹைப்பர், ஹைப்போ. முதலாவது மேலே, மிகுதி. இரண்டாவது கீழே, குறைவு. தோலுக்கு அடியில் போவதால் ஹைப்போடெர்மிக் ஊசி, தர்க்கத்துக்கு அடியில் வைக்கும் கருதுகோள் என்பதால் ஹைப்போதிசிஸ். பாராவைப் போல் இவை அவ்வளவாகத் திசை மாறுவதில்லை, அதனால் படிக்கச் சுகம். சிக்கல் காதில்தான். ஹைப்பர்கலேமியா, ஹைப்போகலேமியா, 'கலியம்' என்பது பொட்டாசியத்தின் லத்தீன் பெயர், அதன் குறியீடு கே என்று வந்ததும் அதனால்தான், கடைசியில் வரும் ஏமியா ரத்தம். ஒன்றில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, மற்றதில் இறங்கியிருக்கிறது, இரண்டுமே இதயத் துடிப்பைக் குலைக்கும், மருத்துவமோ நேரெதிர். எழுத்தில் ஓரிரு எழுத்து வித்தியாசம், வேகமாகப் பேசும்போது அதுவும் கேட்பதில்லை. சோடியத்துக்கும் இதே கதைதான், ஹைப்பர்நாட்ரீமியா, ஹைப்போநாட்ரீமியா. தேர்வுத்தாளில் முழுப்பெயரை எழுதுங்கள். வார்டிலிருந்து போனில் கேட்கும்போதும் சொல்லும்போதும் பொட்டாசியம் கூடுதல், பொட்டாசியம் குறைவு என்று, பரிசோதனையில் வந்த அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள், எதிரில் இருப்பவரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.